சங்கிலிவாளும் செப்பனிடும் கலையும்

ஒருவன் தன் ஓய்வு நேரத்தை எவ்வாறு கழிக்கின்றான் என்பதைக் கொண்டு அவனுடைய உள்ளத்தின் இயல்பை ஓரளவு அறிந்துகொள்ளலாம். முத்திரை சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய நாணயம் தேடுவோரை அறிவோம். பூஞ்செடி வளர்ப்போரையும் புறா வளர்ப்போரையும் அறிவோம். ஆனால், ஒரு காலத்திலே பெருமரங்களை வீழ்த்திய பழைய சங்கிலிவாள்களைத் தேடிப் பெற்று, உறுப்பு உறுப்பாகக் கழற்றித் துருவகற்றி, மீண்டும் இயங்கச் செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டோரும் உளர் என்றால் நம்மவருட் பலர் வியப்படைவர். அமெரிக்கா, கனடா, ஜேர்மனி, சுவீடன், அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலே இத்தகையோர் பலர் இருக்கின்றனர். சுவீடனில் ஹஸ்க்வர்னா நகரத்து நூதனசாலையிலே துப்பாக்கிகளோடும் தையல் இயந்திரங்களோடும் சங்கிலிவாள்களும் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன.

ஏறாவூருக்கும் வாழைச்சேனைக்கும் இடையே, திருகோணமலை வீதியிலே, சித்திரவேலாயுத சுவாமி கோயிலைச் சூழ்ந்து கிடக்கும் சித்தாண்டியில் வாழும் எமக்கு இச்செய்தி முதலிற் சற்றுக் கசப்பாகவே இருக்கும். ஊருக்கு மேற்கே வயல்; வயலுக்கப்பால் குடும்பிமலைப் பக்கத்துக் காடு. அத்திசையிலிருந்து இயந்திர வாளின் ஒலி கேட்குமாயின், இன்னும் ஒரு முதிரை போயிற்று என்றே நம் பெரியோர் பெருமூச்சு விடுவர். அத்தகைய கருவியைப் பேணிக் காத்தல் தகுமா? இவ்வினாவுக்கு விடை காணுமுன்னர், அக்கருவியின் வரலாற்றையும் அதனைச் செப்பனிடும் முறையையும் சிறிது நோக்குவோம்.

கைவாளின் காலம்

இயந்திரம் வருமுன் நம் நாட்டிலே பலகை அரிந்த முறையை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். வீழ்த்திய மரத்தை ஒரு குழியின் குறுக்கே கிடத்துவர். அல்லது உயர்ந்த தாங்கிகளின்மேல் ஏற்றுவர். கரி தோய்ந்த நூலை இழுத்துத் தட்டி அதன்மேற் கோடிடுவர். ஒருவன் மரத்தின்மேல் நிற்பான். மற்றவன் கீழே நிற்பான். நீண்ட வாளை மேலும் கீழுமாக இழுத்து நாள் முழுதும் அரிவர். மேலே நிற்பவனுக்குக் கோடு பிழையாமற் பார்க்கும் பொறுப்பு. கீழே நிற்பவனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள். பாலையும் முதிரையும் எளிதில் இசையும் மரங்கள் அல்ல. அன்றைய வேலை முடிந்ததும் வாளின் பற்களை அரத்தால் அராவி, ஒன்று இடப்புறமும் அடுத்தது வலப்புறமுமாகச் சாய்த்து வைத்தால் மாத்திரமே மறுநாள் வாள் ஓடும்.

அரம் என்னும் சொல்லே மிகப் பழைமையானது. வெருவந்த செய்யாமை, உட்பகை, பண்புடைமை என்னும் மூன்று அதிகாரங்களிலும் வள்ளுவர் அரத்தை எடுத்தாளுகின்றார். அரம்போன்ற கூரிய அறிவுடையோரும் பண்பிலராயின் மரத்துக்கு ஒப்பாவர் என்று, அரத்தையும் மரத்தையும் ஒரே குறளில் இணைத்தவர் அவர். ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழர் கையிலே பழகிய அக்கருவியே இன்றைய சங்கிலிவாளையும் தீட்டுகின்றது. அரம் மாறவில்லை, அது தீட்டும் பல்தான் மாறியது.

மருத்துவர் கையிலிருந்து காட்டுக்கு

சங்கிலியிலே பல் கோத்து அறுக்கும் எண்ணம் முதலில் மரத்துக்காகத் தோன்றியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் எய்ற்கன், ஜேம்ஸ் ஜெவ்றி என்னும் ஸ்கொட்லாந்து மருத்துவர் இருவர், பேற்றுச் சிக்கலிலும் நோயுற்ற மூட்டிலும் என்பை அறுப்பதற்குக் கையால் இழுக்கும் சிறு சங்கிலிவாளைக் கையாண்டனர். 1830ஆம் ஆண்டளவில் பேர்ண்ஹார்ட் ஹைனே என்னும் ஜேர்மானியர், கைபிடி சுழற்றச் சங்கிலி சுற்றி ஓடும் என்பறு கருவியொன்றை அமைத்தார். உயிர் காக்கப் பிறந்த கருவி பின்னர் மரம் வீழ்த்தச் சென்றது.

காட்டுக்கு ஏற்ற இயந்திர வாள் 1920ஆம் ஆண்டுகளிலே ஜேர்மனியில் உருப்பெற்றது. அந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் 1926ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் வாளொன்றை ஆக்கினார். எமில் லேர்ப் என்பவர் 1927ஆம் ஆண்டில் டொல்மார் என்னும் மலையிலே பெற்றோலால் இயங்கும் வாளைச் சோதித்தார். அம்மலையின் பெயரே அவர்தம் கருவிக்கும் நிலைத்தது. அதன் நிறை 58 கிலோகிராம். ஒரு நெல்மூட்டைக்கு நிகரான அச்சுமையை இருவர் இருபுறமும் பிடித்து நின்று மரத்தை அறுத்தனர் எனின், அவர்தம் தோள்வலியை என்னென்பது! ஸ்டீல் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட பெற்றோல் வாள் 46 கிலோகிராம் கொண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அலுமினியமும் மக்னீசியமும் மலிவாகக் கிடைத்தன. இயந்திரத்தின் கூடு இலேசாயிற்று. 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெக்கலக் நிறுவனமும், 1950ஆம் ஆண்டில் ஸ்டீல் நிறுவனமும் ஒருவரே தாங்கக்கூடிய வாள்களை விற்பனைக்குக் கொணர்ந்தன. 1959ஆம் ஆண்டில் ஸ்டீலின் கொன்ட்ரா என்னும் வாள் 12 கிலோகிராம் நிறையுடன் வெளிவந்தது. ஹஸ்க்வர்னா நிறுவனமும் தன் முதலாவது சங்கிலிவாளை அவ்வாண்டிலேயே வெளியிட்டது. பழைய வாள் தேடுவோர் பெரிதும் விரும்புபவை இக்காலத்துக் கருவிகளே.

குடம்பி கற்பித்த பாடம்

இயந்திரம் இலேசாகியும் ஒரு குறை தீரவில்லை. அக்காலத்துச் சங்கிலியின் பற்கள் கைவாளின் பற்களைப் போன்றே மரத்தைக் கீறிக் கீறிச் சென்றன. அவை விரைவில் மழுங்கின. ஒவ்வொரு பல்லையும் அராவ நெடுநேரம் சென்றது. மரம் அறுத்த நேரத்தினும் வாள் தீட்டிய நேரம் மிகுதி என்று வேலையாட்கள் சலித்துக்கொண்டனர்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலே ஜோ கொக்ஸ் என்னும் மரத்தொழிலாளர் இருந்தார். 1946ஆம் ஆண்டில் அவர் ஓர் அடிக்கட்டையிலே வண்டின் குடம்பியொன்றைக் கண்டார். விரல்பருமனுடைய அப்புழு, நாரின் நெடுக்கிலும் குறுக்கிலும் எவ்விதத் தடையுமின்றித் துளைத்துச் சென்றது. அதன் தாடைகள் வளைந்தவை. அவை ஒருகால் இடப்புறமும் ஒருகால் வலப்புறமுமாக மரத்தைச் சீவின. கொக்ஸ் அதனை நெடுநேரம் உற்றுநோக்கினார். பின்னர் போர்ட்லண்ட் நகரிலுள்ள தம் வீட்டு நிலவறையிலே அத்தாடையின் வடிவத்தை உருக்கில் அமைத்துச் சங்கிலியிற் கோத்தார். 1947ஆம் ஆண்டில் அதனைச் செய்து விற்கத் தொடங்கினார். அப்பல் மரத்தைக் கீறவில்லை; தச்சனுடைய சீவுளிபோலச் சீவியது. ஓர் உருண்டை அரத்தால் இரண்டு மூன்று முறை தள்ளினாற் போதும், கூர்மை மீண்டுவிடும். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகளின் அடிப்படை வடிவம் அதுவே.

நம் வீட்டு வளையிலும் தீராந்தியிலும் வண்டு துளைத்த ஓட்டையை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுத் திரும்பிவிடுவோம். அவர் சிறிது நேரம் நின்று பார்த்தார். செப்பனிடும் கலைக்கும் இந்த நின்று பார்த்தலே முதற்படி.

செப்பனிடும் முறை

பல ஆண்டு மூலையிற் கிடந்த வாள் ஒன்று கைக்கு வந்தால், பழக்கமில்லாதவன் உடனே கயிற்றைப் பிடித்து இழுப்பான். அறிந்தவன் அவ்வாறு செய்யான். உலர்ந்த உருளையினுள்ளே பிஸ்டன் உராய்ந்தால் உள்ளதும் கெடும். ஆதலின் முதலில் பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியே சில துளி ஒயிலை விட்டுப் பொறுத்திருப்பான். அதன்பின் புகைபோக்கியைக் கழற்றி, வெளிவாயிலூடாக விளக்கொளியிலே பிஸ்டனின் பக்கத்தைப் பார்ப்பான். அது வழவழப்பாக இருந்தால் நல்வாய்ப்பு. நெடுக்கே கீறல்கள் விழுந்திருந்தால், முன்னையவர் ஒயில் கலவாத பெற்றோலை ஊற்றி ஓட்டினார் என்பது துணிபு. இவ்வியந்திரங்கள் ஈரடிப்பு வகையின; இவற்றுக்குத் தனியே எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெற்றோலோடு கலந்து வரும் ஒயிலே உள்ளுறுப்புகளுக்கு உயிர்.

இயந்திரம் இயங்க மூன்று வேண்டும்: எரிபொருட் கலவை, பொறி, அமுக்கம். பழைய வாள் இயங்காமைக்குக் காரணம் பெரும்பாலும் இம்மூன்றனுள் ஒன்றாகவே இருக்கும்.

கலவை கெடுவதற்குக் காரணம் பழைய பெற்றோலே. தொட்டியில் விட்ட பெற்றோல் நாளடைவில் ஆவியாகிப் பிசின்போல இறுகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். இறப்பர்க் குழாய் வெடித்திருக்கும். 1950ஆம் ஆண்டுகளிற் பரவிய காபரேற்றர்களில் மெல்லிய சவ்வொன்று உண்டு. அதற்கு முந்தியவற்றிலே மிதவையே இருந்தது. வாளைச் சரித்தால் மிதவை நிலைதவறும், இயந்திரம் நின்றுவிடும். சவ்வு வந்த பின்னரே எப்பக்கம் திருப்பினும் வாள் ஓடும் நிலை உண்டாயிற்று. அச்சவ்வு ஓலைபோல விறைத்துப் போயிருந்தால், அதனை மாற்றாமல் வேறு எதனைச் செய்தும் பயனில்லை.

பொறிக்கு மின்கலம் வேண்டுவதில்லை. சுழலும் சக்கரத்திற் பதித்த காந்தம் சுருளைக் கடந்து செல்லும்போது மின் உண்டாகின்றது. பழைய வாள்களிலே, அம்மின்னைத் தக்க நேரத்தில் விடுவிக்கும் சிறு தொடுமுனைகள் இரண்டு இருக்கும். அவற்றின்மேற் படிந்த மாசே பல வாள்களை மௌனமாக்கியுள்ளது. மெல்லிய அரத்தால் மெதுவாக ஒருமுறை அராவித் தூய தாளால் துடைத்துவிட, பல ஆண்டுகளுக்குப் பின் நீலப்பொறி தெறிப்பதைக் கண்டவர் அதனை எளிதில் மறவார்.

அமுக்கத்தை விரலாலேயே அறியலாம். பிளக் துவாரத்தை விரலால் மூடிக் கயிற்றை இழுத்தால், உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளவேண்டும். தள்ளாவிடின், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் கரி படிந்து ஒட்டியிருக்கக்கூடும். கரியை நெகிழ்த்திச் சுரண்டி எடுக்கலாம். வளையம் மட்டும் உடையலாகாது. பழைய வளையத்துக்கு மாற்று வளையம் தேடுவது ஏட்டுப்பிரதி தேடுவதற்கு ஒப்பான அலைச்சல்.

கூட்டைத் துப்புரவு செய்வதிலும் விழிப்பு வேண்டும். மக்னீசியக் கூடு ஈரத்தில் வெண்பொடியாகப் பூத்து அரிக்கும். அதனைச் சாணைச் சக்கரத்தால் தேய்த்தலோ, எழும் தூளைக் குவியவிடுதலோ ஆகாது. மக்னீசியத் தூள் எளிதில் தீப்பற்றும். ஒயிற் கலவையிலும் பழைமை வேறு, புதுமை வேறு. பழைய கையேடுகள் 16 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் என்று கூறும். இன்றைய வாள்களுக்கு 50 பங்குக்கு ஒன்று போதும். பழைய வாளுக்கு இன்றைய அளவிற் குறைவாக ஒயில் வார்ப்பவன், தான் பல நாள் உழைத்து மீட்டதை ஒரு நாழிகையிற் கெடுத்துவிடுவான்.

இனி மிக இன்றியமையாத எச்சரிக்கை ஒன்று. அக்காலத்து வாள்களிலே சங்கிலியை நொடியில் நிறுத்தும் தடை கிடையாது. அது 1970ஆம் ஆண்டுகளிலேதான் வந்தது. வாளின் நுனி மரத்திற் பட்டால் கருவி முழுதும் முகத்தை நோக்கித் துள்ளும். அதிர்வைத் தாங்கும் அமைப்பும் அவற்றில் இல்லை. அவ்வதிர்வினாலே விரல்கள் குருதியோட்டம் குன்றி வெளிறிப்போகும் நோய்க்கு ஆளான காட்டுத் தொழிலாளர் பலர். ஒலியோ 100 டெசிபலுக்கும் மேற்பட்டது. ஆதலால், அறிவுடைய சேகரிப்போர் தாம் செப்பனிட்ட வாளை வேலைக்குக் கொண்டு செல்வதில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை மாத்திரம் சிறிது நேரம் ஓட்டுவர். அறுத்துக் காட்டவேண்டின், காதையும் கண்ணையும் காலையும் காக்கும் கவசங்களோடு ஒரு கட்டையை அறுத்துவிட்டு நிறுத்திவிடுவர்.

இடைச்செருகல் வேண்டா

இவர்களிடையே நீங்காத வாதம் ஒன்றுண்டு. மீட்டெடுத்த வாளுக்குப் புதுச் சாயம் பூசலாமா, பழைய சாயத்தை அவ்வாறே விடலாமா என்பதே அது. ஒரு சாரார் கருவி தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்த கோலமே உண்மைக் கோலம் என்பர். மற்றொரு சாரார், கைபட்டுத் தேய்ந்த இடமும் கருவியின் வரலாறே என்பர். ஏட்டுச் சுவடியோடு பழகியவர்களுக்கு இவ்வாதம் புதியதன்று. சிதைந்த ஏட்டைப் பதிப்பிப்போன் விடுபட்ட சீரைத் தன் கற்பனையால் நிரப்பலாகாது. பிரதிகளை ஒப்புநோக்கி, மூலத்தை ஆக்கியோன் கருத்தை உணர்ந்து, ஐயமுள்ள இடத்தை ஐயத்தோடேயே விடவேண்டும். வேறோர் இன வாளின் உறுப்பை வலிந்து பொருத்திய வாளும் இடைச்செருகல் நிறைந்த நூலே. அது ஓடக்கூடும், ஆயினும் அது அந்த வாளன்று.

இம்மட்டக்களப்பு மண்ணுக்கு இத்தகைய மீட்புப் பணியிலே பெருமை உண்டு. 1892ஆம் ஆண்டில் காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்துபோன யாழைப் பழந்தமிழ் நூற்சான்றுகளையும் கணக்கையும் கொண்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை உலகுக்கு அளித்தார். யாழும் வாளும் ஒன்றாகா, அதனை அறிவேம். எனினும், மறைந்த ஒரு கருவியை மீட்பதற்கு அதனை ஆக்கியோன் மனத்தினுள்ளே புகவேண்டும் என்னும் நெறி இரண்டுக்கும் பொதுவாகும்.

நம்மவர் கைவன்மை

செப்பனிடுதல் செல்வ நாட்டாரின் விளையாட்டு மாத்திரம் என்று எண்ணலாகாது. அவர்கள் விருப்பத்தாற் செய்வதை நம்மவர் வறுமையாலும் போராலும் செய்தனர். 1990ஆம் ஆண்டுகளிலே எரிபொருட் தடை விதிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலை ஊதி இயந்திரத்தைத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயால் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். பல்லாண்டு கடந்த ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் அங்கு வாடகைக்கு ஓடின. உதிரி உறுப்பு வாராத காலத்திலே கடைசல் பட்டறையில் அதனைக் கடைந்தெடுத்தனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும், புதியது வாங்க வழியின்றிப் பழையதைத் திருத்திப் பிழைத்த குடும்பங்கள் நாடெங்கும் பல.

இக்கைவன்மையே இன்று நம் கண்முன் நழுவிச் செல்கின்றது. ஒரு பொருள் நின்றால் அதனைத் திறந்து பார்க்கும் வழக்கம் இளைஞரிடத்துக் குறைகின்றது. பல பொருள்கள் திறக்கவே முடியாதபடி ஒட்டப்பட்டு வருகின்றன. பழைய இரும்பு வாங்குவோரின் தராசிலே, குழிவாளும் துறப்பணமும் பழைய இயந்திரமும் கிலோக் கணக்கில் ஏறுகின்றன. அவற்றோடு அவற்றைக் கையாண்ட அறிவும் ஏறிப் போகின்றது. தேவையின்போது நம்மைக் காத்த அறிவு, தேவை தீர்ந்ததும் அழிந்துபோகலாமா? அதனை விருப்பத்தாற் பேணுவோரே, அடுத்த நெருக்கடிக்கு வித்து வைப்போர்.

அறமும் சட்டமும்

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். மரத்தை அழித்த கருவியைப் போற்றுதல் தகுமா? மருந்தாகும் மரமேயாயினும் அது பட்டுப்போகும் அளவுக்குப் பறிக்கலாகாது என்னும் கருத்தை நற்றிணைப் பாடலொன்றிலே காண்கின்றோம். அத்தகைய மரபினர் நாம். இந்நாட்டுச் சட்டமும் அவ்வழியே சென்றுள்ளது. 1951ஆம் ஆண்டின் மரம் வீழ்த்துதற் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை முதலியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாது என விதித்தது. 1990ஆம் ஆண்டில் இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் தறித்தல் நிறுத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சங்கிலிவாள் வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டுமென அரசாங்கம் பணித்தது. ஆகவே பழைய வாள் ஒன்றைக் கண்டெடுப்பவர், அது ஓடாத வாளாயினும், முதலில் அதிகாரிகளை நாடி நடைமுறையைக் கேட்டறிந்து அதன்படி ஒழுகுதல் கடன். களவாக மரம் தறிப்போன் கையிலும் அக்கருவியே இருப்பதால், நல்லோன் தன்னைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டவேண்டியவனாகின்றான்.

எனினும் கருவியின்மேற் பழி சுமத்துவதாற் காடு பிழையாது. இன்று காட்டை அழிப்பவை இலேசான, மலிவான புதிய வாள்கள். 15 கிலோகிராம் நிறையுடைய பழைய வாளைத் தூக்கிக்கொண்டு எவனும் களவுக்குப் போகான். மேலும், வாள் அழிக்க மாத்திரம் பயன்படுவதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியை எம் தலைமுறையினர் சிறு வயதிலே கண்டனர். தென்னந்தோட்டங்கள் பாயாகக் கிடந்தன. வீதிகள் மரங்களால் அடைபட்டன. கோடரியும் கத்தியும் கொண்டு வழி திறக்க எத்தனை நாள் சென்றது! அன்று ஊருக்கு ஒரு வாள் இருந்திருப்பின் அதனை வாழ்த்தியிருப்போம். வாளை இயக்கும் மனத்திலேதான் அறமும் அறக்கேடும் உள்ளன. ஒரு வாளை உறுப்புறுப்பாக அறிந்தவன், அதன் வலிமையையும் கொடுமையையும் ஒருங்கே அறிந்தவன். அத்தகையோன் ஒரு மரத்தின்மேல் அதனை வைக்குமுன் இருமுறை எண்ணுவான் என்பது எமது நம்பிக்கை.

எனவே நம்மவருக்கு ஒரு விண்ணப்பம். உயர்தர வகுப்புகளிலே 2013ஆம் ஆண்டிலிருந்து தொழினுட்பப் பிரிவு நடைபெற்று வருகின்றது. அப்பிரிவுள்ள பாடசாலைகள் ஊரிலுள்ள பழைய கருவிகளைத் தேடிப் பெறலாம். அவற்றுட் குழிவாளும் இருக்கட்டும்; துறப்பணமும் இருக்கட்டும்; முறைப்படி பதிந்து சங்கிலி நீக்கிய பழைய இயந்திர வாளும் இருக்கட்டும். மாணவர் அவற்றைக் கழற்றிப் பூட்டட்டும். ஒவ்வொன்றையும் கையாண்ட முதியவரை அழைத்து, அதன் உறுப்புகளின் பெயர்களையும் கையாளும் விதத்தையும் கேட்டு எழுதிவைக்கட்டும். குழிவாள் இழுத்த கைகள் இன்னும் நம் ஊர்களிலே சில உள்ளன. அவர்களிடம் கேட்பதற்கு இனி நெடுங்காலம் இல்லை.